காய்ச்சல் போன பிறகு நடந்த தூரம்

1

போன செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. ஊழியர்களின் உடல்நலத்தைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து, இரண்டே வாக்கியம். நான் முழுநேர வேலைக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகிவிட்டதால் என் கோப்பை மூடுகிறார்களாம். மறுபடி ஏதாவது என்றால் புதிய படிவம் நிரப்ப வேண்டுமாம்.

ஒரு காய்ச்சலுக்கு ஒன்றேகால் வருடம் கோப்பு திறந்திருந்தது என்று சொன்னால் கும்மிடிப்பூண்டியில் யாரும் நம்பப்போவதில்லை. அங்கே காய்ச்சலுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதல் நாள் மெடிக்கலில் மாத்திரை. இரண்டாம் நாள் ஊசி. மூன்றாம் நாள் இட்லி. நான்காம் நாள் ஷிஃப்ட். ஐந்தாம் நாளும் ஒருவர் படுத்திருந்தால் தெருவில் பேச ஆரம்பித்துவிடுவார்கள். நானும் அப்படிப் பேசியவள்தான். அதனால் அங்கே இருப்பவர்கள் படிப்பார்கள் என்று நினைத்தே இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் ஸ்டெல்லா. என் தாத்தா காலம்வரை எங்கள் குடும்பம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டது. கம்பெனிகள் வந்த பிறகு அப்பா லோடு ஏற்றப் போனார். அம்மா சிப்காட்டில் ஒரு கம்பெனி ஆபீசைக் கூட்டிப் பெருக்கப் போனாள். இருவரும் இப்போது இல்லை. என் தம்பி ஸ்டீபன் ஓர் இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டுகிறான். நான் பன்னிரண்டு வருடமாக அயர்லாந்தில், நடுப்பகுதியில் கால்வாய்க் கரையோரம் உள்ள ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். நர்ஸ் இல்லை. குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டி, நடக்க வைக்கிற உதவியாளர். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெரு முழுக்க என்னை நர்ஸ் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறது. அம்மா அப்படிச் சொல்லி வைத்திருந்தாள், நான் திருத்தவில்லை.

2

காய்ச்சல் வந்தது செப்டம்பரில். மூக்கில் குச்சியை விட்டுப் பார்த்து இன்ஃப்ளுயென்சா என்றார்கள். வைரஸ்தான், மருந்து பெரிதாக ஒன்றுமில்லை, ஓய்வெடு என்றார்கள். பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. உடம்பு மட்டும் திரும்பி வரவில்லை.

எங்கள் வீட்டு மாடிக்குப் பதின்மூன்று படி. ஏழாவது படியில் உட்கார்ந்துவிடுவேன். தலை வாரக் கையைத் தூக்கினால் பாதியிலேயே கை இறங்கிவிடும். ஒரு நாள் கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று துணி துவைத்து, சமைத்து, தரை துடைத்தேன். அதற்கடுத்த நான்கு நாளும் படுக்கை. காய்ச்சல் இருந்தபோது என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்ட வீடு, காய்ச்சல் போனபின் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. தெர்மாமீட்டர் சரியாக இருக்கிறது, ஆள் சரியாக இல்லை.

டாக்டரிடம் போனபோது என் மகன் ஜோயலைத் துணைக்கு அழைத்துப் போனேன். அவனுக்குப் பதினான்கு வயது. தமிழைக் கேட்டால் புரியும், பேசுவதற்குச் சோம்பல். எனக்கு வேலைக்கு வேண்டிய ஆங்கிலம் உண்டு. வலிக்கு வேண்டிய ஆங்கிலம் இல்லை. நான் தமிழில் சொல்ல அவன் ஆங்கிலத்தில் சொல்வதாக ஏற்பாடு.

"உடம்பெல்லாம் யாரோ அடிச்சுப் போட்ட மாதிரி இருக்குன்னு சொல்லு" என்றேன்.

அவன் சொன்னான். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு ஜோயலை வெளியே உட்காரச் சொன்னார். கதவை மூடிவிட்டு, நாற்காலியை என் அருகே இழுத்துப் போட்டு, மெதுவாகக் கேட்டார். வீட்டில் உன்னை யாராவது அடிக்கிறார்களா?

என் கணவர் வெளியே காரில் உட்கார்ந்து வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அடுத்த இருபது நிமிடம் அவரைக் காப்பாற்றுவதிலேயே போய்விட்டது. அசதி என்கிற விஷயத்துக்கு ஐந்து நிமிடம் மிச்சமிருந்தது. வாராவாரம் சான்றிதழ் தருகிறேன், வேலைக்குப் போகாதே என்றார். வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

திரும்பும்போது ஜோயல் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, "இனிமே நீயே பேசும்மா" என்றான்.

பிசியோதெரபிஸ்ட் ஒருத்தி ஒரு தாள் கொடுத்தாள். முதல் வாரம் தினம் ஐந்து நிமிடம் நடக்க வேண்டும். அதற்கு மேல் கூடாது. முடியும் என்று தோன்றினாலும் கூடாது. மறுநாள் உடம்பு சண்டை பிடிக்காவிட்டால்தான் ஒரு நிமிடம் கூட்டலாம். அசதி வந்தபின் திரும்புவது தப்பு, அசதி வருவதற்கு முன்பே திரும்பிவிட வேண்டும். இதுதான் அந்தத் தாளின் சாரம். நான் அதை ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். எட்டு வாரம் ஒட்டியிருந்தது. அதன்படி நடந்தது மூன்று வாரம் இருக்கும்.

3

வீட்டில் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. கணவர் வேலைக்குப் போய்விடுவார், பையன் பள்ளிக்கூடம். எதிர் வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்தால் போர்வையை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். படுத்திருப்பதைப் பார்த்தால் என்ன நினைப்பாளோ என்று. ஊரிலிருந்து கொண்டுவந்த பயம் அது.

நவம்பரில் ஊழியர் உடல்நல அலுவலகத்திலிருந்து ஒருத்தி தொலைபேசியில் கூப்பிட்டாள். வரிசையாகக் கேள்விகள். படி ஏற முடிகிறதா? முடிகிறது. இரண்டு மணி நேரம் நிற்க முடிகிறதா? முடிகிறது. பத்து கிலோ தூக்க முடிகிறதா? முடிகிறது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னபோது நான் கட்டிலில் படுத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்து பேசத் தெம்பில்லை.

அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

இரண்டாவது வாரம் அது நடந்தது. பேட்ரிக் என்று ஒரு பெரியவர். எண்பத்தாறு வயது, விவசாயம் பார்த்தவர், நல்ல கனம். அவரை நடத்திக்கொண்டு போக இரண்டு பேர் வேண்டும் என்று அவருடைய அட்டையில் எழுதியிருக்கும். என்னோடு இருந்தவள் வேறோர் அறையில் மணி அடித்ததால் போய்விட்டாள். பேட்ரிக்குக் கழிவறைக்குப் போக அவசரம். நான் தனியாகவே அவரைப் பிடித்துக்கொண்டேன். வராந்தாவில் பாதி தூரம் போயிருப்போம். என் முழங்கால் இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் மடங்கிவிட்டன. நான் விழுந்தேன். என்னைப் பிடித்துக்கொண்டிருந்த அவரும் விழுந்தார். அவருடைய இடது மணிக்கட்டில் எலும்பு உடைந்தது.

விபத்துப் படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. அரை மணி நேரம் முன்பு அந்த வராந்தாவை லூசியா துடைத்திருந்தாள். லூசியா பிரேசில்காரி, துப்புரவு வேலை செய்கிறவள். தரை ஈரம் என்று எச்சரிக்கும் மஞ்சள் பலகையை அவள் எடுத்துவிட்டிருந்தாள். நான் அந்தக் கட்டத்தில், தரை ஈரமாக இருந்தது, கால் வழுக்கியது என்று எழுதினேன். ஆங்கிலத்தில் நான் பிழையில்லாமல் எழுதிய வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

லூசியாவும் நானும் ஒரே மேசையில் மதியச் சாப்பாடு சாப்பிடுகிறவர்கள். அவளுக்கு எழுத்து மூலமாக எச்சரிக்கை கொடுத்தார்கள். பலகையைச் சீக்கிரம் எடுத்துவிட்டாளாம். அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் முழங்காலில் அடி என்று சொல்லி பிப்ரவரி பாதிவரை எனக்கு மறுபடி ஓய்வு கொடுத்தார்கள். கோப்பில் இன்னொரு தாள் சேர்ந்தது.

4

அந்த ஓய்வில் மூன்று வாரம் ஊருக்குப் போக அனுமதி வாங்கினேன். அதற்கு ஒரு கடிதம், டாக்டரிடம் ஒரு கடிதம், விமானக் கம்பெனிக்கு ஒரு கடிதம். சக்கர நாற்காலியில் ஏற்றி இறக்கினார்கள். பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தேன்.

ஸ்டீபன் வாசலுக்கு வந்தான். வந்தான் என்பதைவிடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான் என்று சொல்லலாம். மழைக்காலத்தில் அவனுக்குச் சிக்கன்குனியா. காய்ச்சல் ஐந்து நாளில் போய்விட்டது என்று போனில் சொல்லியிருந்தான். மிச்சத்தைச் சொல்லவில்லை.

"இன்னாக்கா, இப்டி எளச்சி பூட்ட?" என்றான்.

"நீ மட்டும் இன்னாவாம்?"

அவன் கையை நீட்டினான். விரல்கள் பாதி மடங்கியபடியே இருந்தன. "காலைல எழுந்தா இது என் கையே இல்லக்கா. வேற யாரோடதோ மாட்டி உட்ட மாரி கீது."

அவன் மனைவி லில்லி உள்ளேயிருந்து சொன்னாள். "சட்டைக்கு பட்டன் நான்தான் போட்டு உடறேன் அண்ணி. மொதல்ல புள்ளைய ஸ்கூலுக்கு ரெடி பண்றது, அப்பறம் இவர ரெடி பண்றது. பெரிய பேஜாரா பூடுச்சி."

இரண்டு மாதமாக அவன் வேலைக்குப் போகவில்லை. நடுவில் ஒரு நாள் போய், கிரேன் கேபினுக்கு ஏறும் இரும்பு ஏணியில் பாதியிலேயே நின்றுவிட்டு இறங்கியிருக்கிறான். அவர்கள் ஆலையில் கிரேன் என்பது கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடுவது. நாற்பதடி உயரத்தில் கண்ணாடிக் கூண்டு. அங்கே உட்கார்ந்து லீவரைப் பிடித்துக்கொண்டு, சூடு தணியாத இரும்புக் கட்டைகளைத் தூக்கி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குக் கொண்டுபோவான். கீழே ஆட்கள் வேலை செய்துகொண்டிருப்பார்கள்.

மறுநாள் காலையில் நான் என் ஐந்து நிமிட நடைக்குக் கிளம்பினேன். அவனையும் கூப்பிட்டேன். வாக்கிங் போவது சுகர்காரர்களும் ரிட்டயர் ஆனவர்களும் செய்கிற வேலை என்றான். வெந்நீரில் கையை ஊற வைத்துவிட்டு, விரல் கொஞ்சம் பிரிந்த பிறகு, எட்டு மணிக்கு என்னோடு வந்தான்.

எங்கள் தெருமுனையிலிருந்து பைபாஸ் போகும் சாலையில் முதலில் தண்ணீர் டேங்க் வரும். பிறகு மூடிக் கிடக்கும் ஒரு கம்பெனியின் நீண்ட மதில். அதன் முடிவில் ஒரு கல்வெர்ட், கால்வாய் மேல் சின்னப் பாலம். அதற்கப்பால் பைபாஸ், எளாவூர் செக்போஸ்டை நோக்கி நிற்கும் லாரிகளின் வரிசை. முதல் நாள் டேங்க்குக்கு முன்பே நான் திரும்பினேன்.

"இன்னா, அதுக்குள்ள திரும்புற?"

"அசதி வர்றதுக்கு முன்னாடியே திரும்பணும்."

"வரவே இல்லன்னா எதுக்குத் திரும்பணும்? இன்னும் கொஞ்சம் போலாம் வா."

"நேத்து எவ்ளோ முடிஞ்சிதோ அதுக்கு மேல ஒரு நிமிஷம். அவ்ளோதான்."

"வெள்ளக்காரங்க உனக்கு சோம்பேறித்தனத்துக்கு கிளாஸ் எடுத்து அனுப்பிச்சிருக்காங்க" என்றான். ஆனால் திரும்பினான். அவனுக்கும் பாதம் ஊன்ற முடியவில்லை, சொல்லிக்கொள்ளவில்லை.

முதல் ஷிஃப்டுக்குத் தாமதமாகப் போகும் ஆட்கள் எங்களைத் தாண்டிப் போவார்கள். ஒருவர் பைக்கை நிறுத்தினார். "இன்னா ஸ்டீபா, சுகரா?"

"இல்லண்ணே, சிக்கன்குனியா."

"அதுக்கு எதுக்குபா வாக்கிங்? பப்பாளி எல சாறு குடி." பிறகு என்னைப் பார்த்து, "சிஸ்டருக்குத் தெரியாததா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரம் மதில் முடியும்வரை போக முடிந்தது. ஒரு நாள் அவன் எனக்காக நிற்பான், ஒரு நாள் நான் அவனுக்காக நிற்பேன். சின்ன வயதிலும் நாங்கள் இவ்வளவு நேரம் சேர்ந்து நடந்ததில்லை. பேசுவதற்கு நிறைய இருந்தது என்று சொல்ல முடியாது. லாரி நம்பர் பலகையைப் பார்த்து எந்த மாநிலம் என்று சொல்வான். அஸ்ஸாம், ஒடிசா, பெங்கால். லில்லி மட்டும் வாசலில் நின்று சிரிப்பாள். "கல்யாண ஊர்வலமே உங்கள விட வேகமா போவும்."

5

ஒரு வெள்ளிக்கிழமை கான்ட்ராக்டர் போன் செய்தார். திங்கட்கிழமை கம்பெனி டாக்டர் வருகிறார், ஃபிட்னஸ் சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு அன்றே கிரேனில் ஏற வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றார்.

சனிக்கிழமை காலையில் அவன் என்னைவிட வேகமாக நடந்தான். கல்வெர்ட்டில் உட்கார்ந்து, கைகளை விரித்து மூடிக் காண்பித்தான். ஐந்து விரலும் முழுக்கப் பிரிந்தன.

"எப்டிடா?"

"மெடிக்கல்ல ஒரு மாத்திர குடுத்தான். போட்டா ஒன் அவர்ல கை பிரிஞ்சிடுது. ஆறு மணி நேரம் தாங்குது. அப்பறம்தான் டபுளா மூடிக்கிது."

"அது ஸ்டீராய்டு. அப்டி வாங்கிப் போடக் கூடாது."

"இன்னாவோ ஒண்ணு. திங்கக்கெழம காலைல போட்டுக்கினு போனா பாஸ் பண்ணிடுவேன். அவுரு இன்னா பண்ணப் போறாரு, கைய அழுத்துன்னுவாரு, குந்தி எழுந்திருன்னுவாரு. ராத்திரி ஷிஃப்டுன்னா ஆறு மணி நேரம் பத்தாது, அதான் யோசன. நீ எதுனா ஊசி போட்டு உடேன்."

"நான் நர்சு இல்ல. உனக்குத் தெரியும்."

"பாத்திருப்ப இல்ல?"

அவனுக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன தகுதி இருந்தது? கட்டிலில் படுத்துக்கொண்டே முடிகிறது, முடிகிறது என்று சொன்னவள் நான். சும்மா இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவன் கையை விரித்து மூடி, விரித்து மூடிக் காட்டிக்கொண்டே இருந்தான். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பேட்ரிக் விழுந்ததை அவனிடம் சொன்னேன். கணவரிடம்கூடச் சொல்லாததை. போனில் நான் சொன்ன பதில்கள், முழங்கால் மடங்கியது, மணிக்கட்டு, படிவம், கட்டம், நான் எழுதிய வாக்கியம், எல்லாவற்றையும்.

அவன் கேட்டுக்கொண்டிருந்தான். நான் விழுந்ததைப் பற்றி ஏதாவது கேட்பான் என்று எதிர்பார்த்தேன். கிழவருக்குக் கை சரியாயிற்றா என்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தக் கூட்ற பொம்பளைய இன்னா பண்ணாங்க?" என்றான்.

"வார்னிங் எழுதிக் குடுத்தாங்க."

"நீ ஒண்ணும் சொல்லலியா?"

"இல்ல."

"அது உன்னாண்ட எதுனா கேட்டுச்சா?"

"கேக்கல."

அவன் எழுந்தான். திரும்பி நடக்க ஆரம்பித்தோம். மதில் நீளம் முழுக்க அவன் எனக்கு முன்னால் நடந்தான். எங்கள் அம்மா பதினோரு வருடம் துடைப்பத்தோடு போய்வந்த கம்பெனி அந்த வழியில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் அவன் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

6

திங்கட்கிழமை அவன் மாத்திரை போட்டுக்கொண்டுதான் போனான். சட்டைப் பட்டனை அவனே போட்டான். லில்லி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் முகத்தில் ரொம்ப நாளுக்குப் பிறகு ஒரு நிம்மதி. நான் ஷேர் ஆட்டோவில் அவனோடு போய், ஆலை கேட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தான். டீ கிளாஸை ஒரே கையில் வாங்கினான்.

"பாஸா?"

"பிரஷர் பாத்தாரு. குந்தி எழுந்தேன். அவுரு ரெண்டு வெரல நீட்டி அழுத்துன்னாரு, அழுத்துனேன். போதும்பா வலிக்குதுன்னு சிரிச்சாரு. கையெழுத்துப் போடப் பேனாவ எடுத்துட்டாரு." டீயைக் குடித்தான். "மாத்திர போட்டுக்கினு வந்துருக்கேன் சார்னு சொல்லிட்டேன்."

நான் என் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"பேனாவ மூடிட்டாரு. எப்போ வரைக்கும் தாங்கும்னாரு. மத்தியானம் வரைக்கும்னேன். அப்பறம் லீவர உட முடியுமா, உட முடியாதான்னாரு. புடிச்சா உட முடியாது, உட்டா புடிக்க முடியாது சார்னேன். மூணு மாசம் மேல ஏறக் கூடாதுன்னு எழுதிட்டாரு."

"கான்ட்ராக்டரு?"

"கத்துனாரு. வேற ஆளப் போட்டுட்டாரு. என்னைய வேபிரிட்ஜில குந்தச் சொல்லிட்டாரு, லாரி எடை எழுத. பேனா புடிக்கவும் வெரலு வேணும், அத அவுரு யோசிக்கல."

ஓவர்டைம் கிடையாது, கிரேன் ஆபரேட்டர் என்ற பெயரும் கிடையாது. லில்லிக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கடைசியில் என்னிடம் வந்தாள். "சனிக்கெழம அவர்கிட்ட இன்னா சொன்னீங்க அண்ணி? அன்னிலருந்தே ஆளு சரியில்ல. மூணு வாரத்துக்கு வந்தீங்க, நல்லா இருந்துட்டுப் போயிருக்கலாம்."

சொன்னதில் தப்பில்லை. அவள் தினமும் பட்டன் போட்டுவிட்டவள். நான் அயர்லாந்து கிளம்பும்வரை எனக்கு நாஷ்டாவும் சாப்பாடும் வேளைக்கு வைத்தாள், பேச்சு மட்டும் குறைந்துவிட்டது. கடைசி நாள் காலையில் ஸ்டீபனும் நானும் கல்வெர்ட்டைத் தாண்டி லாரி வரிசை ஆரம்பிக்கும் இடம்வரை நடந்தோம். அவன் என் விஷயத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நீ என்ன செய்யப் போகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும், ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

7

திரும்பி வந்து நான்கு நாள் தள்ளிப் போட்டேன். ஐந்தாம் நாள் ஜோயலை லேப்டாப்போடு சமையலறை மேசையில் உட்கார வைத்தேன். ஒரு கடிதம் எழுத வேண்டும், நான் சொல்லச் சொல்ல நீ ஆங்கிலத்தில் அடி என்றேன். நீயே பேசும்மா என்றான். இது பேசுவது இல்லை, எழுதுவது, ஒரு வார்த்தை தப்பாகப் போகக் கூடாது என்றேன்.

அவன் அடித்துக்கொண்டே வந்தான். பாதியில் கை நின்றது.

"தரைன்னா ஃப்ளோர்தான?"

"ஆமா."

"தரை காஞ்சிதான் இருந்தது. நான் பொய் எழுதினேன். இப்படியா?"

"அப்படியே."

அவன் என்னைப் பார்க்கவில்லை. அடித்து முடித்து, எழுத்துப் பிழை பார்த்து, பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு, பந்து விளையாடப் போய்விட்டான். போகும்போது கதவைச் சாத்திய சத்தம் வழக்கத்தைவிட மெதுவாக இருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை, இன்றுவரை நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

விபத்துப் படிவத்தைத் திருத்துவதற்கென்று ஒரு படிவம் அந்த இல்லத்தில் இல்லை. மேலாளர் என் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, இதை எந்த உறையில் வைப்பது என்று உண்மையாகவே யோசித்தார். பிறகு விசாரணை நடந்தது. எச்சரிக்கை என் பெயருக்கு மாறியது. பேட்ரிக்கின் மகள் வந்து என்னைப் பார்த்தாள், கோபமாகப் பேசவில்லை, இனி அப்பாவை நீ நடத்த வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள். நியாயம்தான். இப்போதும் அவர் வேறு இரண்டு பேரோடு நடந்து போவதை நான் தள்ளி நின்று பார்க்கிறேன்.

உடல்நல அலுவலகத்திலிருந்து மறுபடி அந்தக் கேள்விகளைக் கேட்டார்கள். படி ஏற முடிகிறதா? ஏழு படி. நிற்க முடிகிறதா? இருபது நிமிடம். தூக்க முடிகிறதா? முடியாது. முடியாது என்று சொன்னதும் தொலைபேசியின் அந்தப் பக்கம் விசைப்பலகையில் தட்டும் சத்தம் கேட்டது, வேறொன்றும் நடக்கவில்லை. அது அவ்வளவு சின்ன விஷயமாக இருந்தது. பிப்ரவரி கடைசியில் வாரம் இரண்டு நாள், இரண்டு மணி நேரம், துணி மடிக்கும் வேலை. ஏப்ரலில் நான்கு மணி நேரம். ஜூனில் சாப்பாடு ஊட்டுவது. செப்டம்பரில்தான் முழு நேரம். பிசியோதெரபிஸ்ட் கொடுத்த தாள் சொன்னபடி இந்த முறை கடைசி வரிவரை நடந்தேன்.

ஸ்டீபன் வேபிரிட்ஜில் ஐந்து மாதம் இருந்தான். கை முக்கால்வாசி திரும்பிவிட்டது, குளிர்காலக் காலைகளில் மட்டும் வெந்நீர் வேண்டும். அவனுடைய பழைய கூண்டில் வேறோர் ஆள் நிரந்தரமாகிவிட்டான். இவனுக்கு இன்னொரு ஷெட்டில் சின்ன கிரேன் கொடுத்திருக்கிறார்கள், கீழேயே நின்று ரிமோட்டில் ஓட்டுவது. "மேல குந்திக்கினு பாக்குற மாரி வராதுக்கா" என்கிறான். லில்லி இப்போது போனில் பேசுகிறாள். முதலில் வானிலை கேட்பாள், பிறகு ஜோயல்.

லூசியாவை நான் ஏப்ரலில்தான் பார்க்க முடிந்தது. நான் கடிதம் கொடுத்த வாரம் அவள் இரண்டு மாத விடுப்பில் பிரேசில் போயிருந்தாள். எச்சரிக்கை ரத்தானதை அவளுக்கு மின்னஞ்சலில் தெரிவித்திருந்தார்கள். அவள் வந்த அன்று துணி அறையில் விரிப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்ன சொல்ல வேண்டும் என்று நான் வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். தடுமாறாமல் சொல்லி முடித்தேன்.

அவள் கையில் இருந்த விரிப்பை மடித்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"தரை காய்ந்திருந்தது எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றாள். "ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸோடு நடந்து பார்த்துவிட்டுத்தான் எப்போதும் பலகையை எடுப்பேன்."

"அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை?"

"சொன்னேன். இரண்டு முறை சொன்னேன். என் ஆங்கிலம் புரியவில்லை என்றார்கள். உன் ஆங்கிலம் அவர்களுக்குப் புரிந்தது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அடுத்த விரிப்பை எடுத்து உதறினாள். என்னை உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன். மதியச் சாப்பாட்டுக்கு அவள் இப்போது வேறு மேசை.

லூசியாவிடம் பேசிய அன்று கணவருக்கு வேலை இருந்ததால் கார் இல்லை. இல்லத்திலிருந்து வீட்டுக்கு இரண்டு கிலோமீட்டர், கால்வாய்க் கரையோரமாக. வழியில் மூன்று பெஞ்சுகள் உண்டு, மூன்றிலும் உட்கார்ந்து போவதுதான் என் வழக்கம். வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போதுதான் ஒரு பெஞ்சிலும் உட்காரவில்லை என்பது தெரிந்தது. கால் வலிக்கவில்லை, மூச்சு வாங்கவில்லை. ஏழு மாதமாக நான் காத்திருந்த நாள் அது. உள்ளே போய்ச் சோற்றுக்கு அரிசி களைந்தேன், யாரிடமும் சொல்லவில்லை.